பன்னிரண்டு பேர், ஒன்பது இடங்கள்: நூறாண்டுக்கு முந்தைய சிறு கல்லூரி பேஸ்பால் அணி

அமெரிக்காவின் சிறு கல்லூரிகளில் 1900 முதல் 1920 வரை எடுத்த பேஸ்பால் அணிப் படங்கள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. இரண்டு மூன்று வரிசையில் பன்னிரண்டு, பதின்மூன்று இளைஞர்கள் இருப்பார்கள். கம்பளித் துணியில் தைத்த சட்டை, முழங்காலோடு முடியும் கால்சட்டை, நீளக் காலுறை, நெஞ்சில் கல்லூரியின் எழுத்து. முதுகில் எண் இருக்காது. அந்த வழக்கம் பெரிய தொழில்முறை அணிகளிலேயே 1929-இல்தான் நிலைத்தது. நடுவில் பந்தோடு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் கேப்டன். கம்பி முகமூடியை மடியில் வைத்திருப்பவர் கேட்சர், பேட் செய்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். ஓரத்தில் கோட்டும் தொப்பியுமாக நிற்பவரைப் பார்த்ததும் பயிற்சியாளர் என்று எண்ணத் தோன்றும். பல படங்களில் அவரும் ஒரு மாணவர்தான், அணியின் மேனேஜர்.

களத்தில் இறங்குவது ஒன்பது பேர். அப்படியானால் கைவசம் மிச்சம் மூன்று நான்கு பேர்தான். வாரத்துக்கு இரண்டு ஆட்டம், பெரும்பாலும் புதன், சனி. இந்தச் சின்னக் கும்பலை வைத்துக்கொண்டு எப்படிச் சமாளித்தார்கள் என்று புரிந்துவிட்டால், அன்றைய வீரர்கள் ஒவ்வொருவரின் வேலையும் புரிந்துவிடும்.

முதலில் ஆட்டத்தின் அடிப்படை, கிரிக்கெட் தெரிந்தவர்களுக்காக. பக்கத்துக்கு 90 அடி நீளமுள்ள ஒரு சதுரம். அதன் ஒரு மூலையில் ஹோம் பிளேட், மற்ற மூன்றில் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ். பேட்டர் ஹோம் பிளேட்டில் நிற்பார். பந்தெறியும் பிட்சர் 60 அடி 6 அங்குலத் தொலைவில், சதுரத்துக்குள் நிற்பார். மீட்டரில் 18.4. கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர் என்பதை நினைவில் வைத்தால் இது எவ்வளவு கிட்டத்தில் என்று தெரியும். பந்து தரையில் குத்தாமல் நேரே வரும்.

பிளேட்டின் மேலே, பேட்டரின் முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் வந்த பந்தை விட்டுவிட்டால் ஒரு ஸ்ட்ரைக். வீசித் தவறவிட்டாலும் ஸ்ட்ரைக். மூன்று சேர்ந்தால் அவுட். எல்லைக்கு வெளியே வரும் எறி 'பால்'. கறக்கிற பாலும் இல்லை, பந்து என்ற பொருளும் இல்லை, ஆட்டத்தின் தனிச்சொல் அது. நான்கு பால் ஆனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்குப் போகலாம். களத்துக்குள் அடித்துவிட்டாலோ ஓடியே ஆக வேண்டும், கிரிக்கெட் போல நின்றுகொண்டிருக்க முடியாது. அவர் முதல் பேஸை மிதிப்பதற்குள் பந்து அங்கே வந்துவிட்டால் அவுட். மூன்று பேஸையும் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். மூன்று அவுட் ஆனால் அந்த அணியின் பேட்டிங் முறை முடியும். ஒன்பது இன்னிங்ஸ் ஆடினால் ஓர் அணிக்கு 27 அவுட். இந்த 27 என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இன்னொரு விதிதான் சிறு அணியின் தலையெழுத்து. வெளியே அனுப்பிய வீரர் அந்த ஆட்டத்துக்குள் திரும்ப வர முடியாது. ஆனால் களத்தில் இருக்கும் ஒன்பது பேர் தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ளத் தடையில்லை. பிட்சருக்குக் கை ஓய்ந்துவிட்டால், பெஞ்சிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு ஆள் கணக்கைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. பேஸ்களுக்கு அப்பால் உள்ள வெளிக்களமான அவுட்ஃபீல்டில் வலப்புறம் நிற்பவர் உள்ளே வந்து எறிவார், பிட்சர் அங்கே போய் நிற்பார். இரண்டு இன்னிங்ஸ் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடி மாறிக்கொள்ளலாம். ஓர் ஆள்கூடச் செலவாகவில்லை. அதனால் சிறு கல்லூரியில் இரண்டாவது பிட்சருக்கு இயல்பான இருப்பிடம் ரைட் ஃபீல்ட். வலக்கை பேட்டர்கள் மிகுந்திருந்ததால் அந்தப் பக்கம் பந்து குறைவாக வரும், அவர் ஓரளவு ஓய்வாகவும் நிற்கலாம். வரும் ஒன்றிரண்டை மூன்றாம் பேஸ் வரை எறிய வலுவான கை வேண்டும், அது பிட்சரிடம்தான் இருக்கும்.

இதற்கு நல்ல உதாரணம் ஜாக் கூம்ஸ். மெய்ன் மாநிலத்தின் வாட்டர்வில் ஊரில் உள்ள கோல்பி என்ற சிறு கல்லூரியில் வேதியியல் படித்தவர். 1906-இல் பட்டம் வாங்கிய கையோடு ஃபிலடெல்ஃபியா அத்லெட்டிக்ஸ் என்ற தொழில்முறை அணிக்குப் போனார். அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி பாஸ்டனுக்கு எதிரான ஆட்டம் 24 இன்னிங்ஸ் நீண்டது. முதலிலிருந்து கடைசிவரை அவரே எறிந்தார், 4-1 என்று வென்றார். எதிரணியின் ஜோ ஹாரிஸும் 24 இன்னிங்ஸ் எறிந்தார் என்பதையும் சொல்ல வேண்டும், பாவம் அவர் தோற்றுப்போனதால் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1910-இல் கூம்ஸ் 31 ஆட்டம் வென்றார். 1908-இல் அவரை அவுட்ஃபீல்டிலும் நிறுத்தி ஆடவைத்தார்கள். எறியவும் பிடிக்கவும் அடிக்கவும் தெரிந்த ஆள் என்றால் அன்றைக்கு எங்கும் கிராக்கி.

ஒரே ஆள் ஒன்பது இன்னிங்ஸும் எறிவது எப்படி முடிந்தது? பந்துதான் காரணம். அன்றைய பந்து இன்றையதைப் போலத் துள்ளாது. எடை 5 முதல் 5¼ அவுன்ஸ், அதாவது 142 முதல் 149 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் இலேசு. உள்ளே ரப்பர் உருண்டை, அதன்மேல் கம்பளி நூல், மேலே தோல். தக்கை மையம் வைத்த பந்து 1910-11 வாக்கில்தான் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தது. நல்ல பந்து ஒன்று ஒன்றேகால் டாலர் விற்ற காலம், சிறு கல்லூரி அதை எளிதில் தூக்கிப் போடாது. சில இன்னிங்ஸிலேயே அது கறுத்து, நசுங்கி, ஓரிரு தையல் விட்டு, அடித்தாலும் தூரம் போகாத சரக்காகிவிடும். ஒரே அடியில் பேட்டர் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிடும் ஹோம் ரன் அரிது. 1911-இல் பெரிய தொழில்முறை அணிகள் ஆடும் அமெரிக்கன் லீகிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவரின் கணக்கு மொத்தம் 11. ஆகவே பிட்சர் ஒவ்வொரு பந்தையும் முழு வலுவோடு எறியத் தேவையில்லை. சாதாரண நேரத்தில் பாதி வேகத்தில் இடம் பார்த்துப் போடுவார். பேஸில் ஓட்டக்காரர்கள் நிற்கும்போது மட்டும் கையிருப்பை வெளியே எடுப்பார்.

இதைத் தெரியாத புதுப் பிட்சர் முதல் இன்னிங்ஸிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஆறாவதில் தடுமாறுவார். இன்னொரு ஆபத்து வளைபந்து. மணிக்கட்டைத் திருப்பி எறியும் அந்தப் பந்து முழங்கையைப் பதம் பார்க்கும். வட மாநிலங்களில் ஏப்ரல் மாதம் தரையில் இன்னும் குளிர் விட்டிருக்காது. உடல் சூடாகாமல் வளைபந்து எறிந்தால் அந்தப் பருவமே போச்சு. அதனால்தான் பிப்ரவரி, மார்ச்சில் கூரைக்கு அடியில், வலை கட்டிய கொட்டகையில் பயிற்சி நடக்கும். அதற்குக் 'கேஜ்', கூண்டு, என்று பெயர். அங்கே சமதரையில் பந்து ஒரே சீராக எழும்பிப் பழகியவர்கள், வெளியே போய்க் கல்லும் சேறுமான தரையில் முதல் வாரம் திணறுவது வாடிக்கை.

அணியில் மாற்று இல்லாத ஆள் என்றால் பிட்சர் அல்ல, கேட்சர். முகமூடி, நெஞ்சுக்கவசம், தடித்த மெத்தைக் கையுறை, இவ்வளவுதான் அவர் பாதுகாப்பு. முகமூடியே ஒரு கல்லூரிக் கண்டுபிடிப்பு. வாள்வீச்சு முகமூடியைப் பார்த்து ஹார்வர்டின் ஃப்ரெட் தாயர் 1870களில் வடிவமைத்தது. முழங்காலுக்குக் கீழே கட்டும் காப்பை ரோஜர் பிரெஸ்னஹன் வெளிப்படையாகக் கட்டி ஆடியது 1907-இல். அதற்கு முன் காலில் பட்டால் பட்டதுதான். பேட்டில் உரசி வரும் பந்து கேட்சரின் வலக்கை விரல்நுனியில் மோதும், விரல் பிசகும். இதைத் தவிர்க்க, பந்து கையுறைக்குள் வரும்வரை வலக்கை விரல்களை மடக்கியே வைத்திருக்க வேண்டும். நீட்டி வைப்பது முதல் தவறு, எல்லாரும் செய்வது.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் தவறவிட்டால், முதல் பேஸ் காலியாக இருக்கும் பட்சத்தில் பேட்டர் அவுட்டாகாமல் ஓடலாம். ஆக, நன்றாக வளையும் பந்து வீசும் பிட்சரிடம் அதைப் பிடிக்கத் தெரிந்த கேட்சர் இல்லையென்றால், திறமையே வினையாகிவிடும். இந்த இருவரையும் சேர்த்து 'பேட்டரி' என்பார்கள். பழைய நாளிதழ்களில் ஆட்ட விவரம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ரன் கணக்கும் பேட்டரி யார் என்பதும் மட்டும் போட்டிருக்கும்.

கேட்சரின் உண்மையான சோதனை பேஸ் திருட்டு. பிட்சர் எறியத் தொடங்கியதும் முதல் பேஸில் நிற்பவர் இரண்டாவதை நோக்கிப் பாய்கிறார். முன்கூட்டியே பத்தடி தள்ளி நின்றிருந்தால், அவருக்கு மிச்சம் 80 அடி. நல்ல ஓட்டக்காரர் அதை மூன்றரை விநாடி அளவில் கடப்பார். அதற்குள் பந்து பிட்சரிடமிருந்து 60 அடி வர வேண்டும், கேட்சர் எழுந்து, சதுரத்தின் மூலைவிட்டமான 127 அடியை எறிந்தாக வேண்டும், அங்கே ஒருவர் பிடித்து ஓட்டக்காரரைத் தொட வேண்டும். கேட்சர் ஒரு எட்டு கூடுதலாக எடுத்துவைத்தால் போயிற்று. பிட்சர் கையை முழுதாகச் சுழற்றி எறிந்தாலும் போயிற்று. திருட்டு நடந்ததும் பார்வையாளர்கள் கேட்சரைத் திட்டுவார்கள். பாதி நேரம் குற்றவாளி பிட்சர்தான்.

இரண்டாம் பேஸ்காரரும், இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பும் ஒரு ஜோடி. திருட்டு வந்தால் பேஸுக்குப் போவது யார் என்பதை ஒவ்வொரு பேட்டருக்கும் முன்னாலேயே சைகையில் பேசி வைத்துக்கொள்வார்கள். இருவரும் ஓடினால் பெரிய ஓட்டை. இருவரும் நின்றால் கேட்சரின் எறி நேரே அவுட்ஃபீல்டுக்குப் போகும். எதிரணிக்கும் இது தெரியும். ஓட்டக்காரர் திருடுவதுபோல் கிளம்புவார், இரண்டாம் பேஸ்காரர் பேஸை மூட நகர்வார், அவர் விட்டுப்போன இடத்தைப் பார்த்து பேட்டர் பந்தைத் தட்டிவிடுவார். 'ஹிட் அண்ட் ரன்' என்ற உத்தி இதுதான். பந்து தூரம் போகாத காலத்தில் ரன் எடுக்க இதுபோன்ற சில்லறைத் தந்திரங்களே வழி. பேட்டை வீசாமல் பந்தின்மேல் காட்டி மெல்லத் தரையில் விழவைக்கும் 'பன்ட்' இன்னொன்று. மூன்றாம் பேஸில் ஆள் இருக்கும்போது அவர் முன்னரே ஓடிவர, பேட்டர் பன்ட் செய்யும் 'ஸ்க்வீஸ்' ஆட்டத்தை 1894-இல் யேல் மாணவர்கள் பிரின்ஸ்டனுக்கு எதிராக முதலில் ஆடியதாகச் சொல்வார்கள்.

பன்ட் மலிந்த ஆட்டத்தில் மூன்றாம் பேஸ்காரர் முன்னால் பாய்ந்து, வெறுங்கையால் பந்தைப் பொறுக்கி, ஓட்டத்தை நிறுத்தாமல் முதல் பேஸுக்கு எறிய வேண்டும். சிறு அணிகள் அதிகம் அடிவாங்கிய இடம் இது. முதல் பேஸில் உயரமான ஆளை நிறுத்துவது வழக்கம். அவர் கால் பேஸில் இருக்க, கை எவ்வளவு தூரம் நீள்கிறதோ அவ்வளவு இலாபம். சென்டர் ஃபீல்டில் வேகமாக ஓடுபவர், லெஃப்ட் ஃபீல்டில் மிச்சமிருப்பவர். பெரும்பாலான சிறு கல்லூரிகளின் நிலவரம் அதுதான்.

கையுறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்சரும் முதல் பேஸ்காரரும் தவிர மற்றவர்களின் கையுறை 10 அவுன்ஸுக்கு மேல் எடையோ, உள்ளங்கையைச் சுற்றி 14 அங்குலத்துக்கு மேல் அளவோ இருக்கக்கூடாது என்பது 1895 விதி. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வலைப்பின்னல் கிடையாது. பந்தைக் கையுறை பிடிக்காது, கைதான் பிடிக்கும். கையுறை வலியைக் குறைக்கும், அவ்வளவே. இரண்டு கையும் சேர்ந்துதான் பிடிக்க வேண்டும். ஆகவே ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஐந்து பிழை என்று பழைய கணக்கில் பார்த்தால் அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம். பேட் செய்யப் போகும்போது கையுறையைக் களத்திலேயே போட்டுவிட்டுப் போவார்கள். எதிரணியினர் அதைத் தாண்டித்தான் ஓடுவார்கள். தடுக்கி விழவும் செய்வார்கள்.

பேட் செய்யும் அணியின் பக்கமும் கூட்டம் இருக்காது. முதல், மூன்றாம் பேஸ்களுக்கு அருகே நின்று ஓட்டக்காரர்களுக்குக் குரல் கொடுப்பதும் வீரர்களே. மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது கணக்குப் பார்த்தால், ஒருவர் பேட் செய்கிறார், இருவர் குரல் கொடுக்கிறார்கள், பெஞ்சில் மிஞ்சுவது ஆறு ஏழு பேர்தான். அம்பயரும் பல ஆட்டங்களில் ஒரே ஒருவர்தான். பேஸில் ஆள் இருந்தால் அவர் பிட்சருக்குப் பின்னால் போய் நிற்பார். அவர் கண் வேறுபக்கம் இருக்கும்போது மூன்றாம் பேஸை மிதிக்காமல் குறுக்கே வெட்டி ஓடிய புண்ணியவான்களும் உண்டு.

அணியை நடத்தியது யார்? கேப்டனை வீரர்களே தேர்ந்தெடுத்தார்கள். களத்தில் முடிவு அவருடையது. பயிற்சியாளர் சில கல்லூரிகளில் பருவம் முழுக்க இருப்பார், சிலவற்றில் கூண்டுப் பயிற்சிக்கு மட்டும் வந்து போவார். வசந்தத்தில் தொழில்முறை அணிகள் கூப்பிட்டதும் கிளம்பிவிடும் ஆட்களைத்தான் குறைந்த செலவில் அமர்த்த முடிந்தது. மேனேஜர் மாணவரின் வேலை கடிதம் எழுதுவது. எந்தக் கல்லூரியோடு என்றைக்கு ஆட்டம், வரும் அணிக்கு உள்ளூர் அணி தரும் உறுதித்தொகை எவ்வளவு, எந்த ரயில், எங்கே தங்கல் என்று எல்லாம் அவர் தலையில். மழை வந்து ஆட்டம் நின்றால் பயணச் செலவு யாருடையது என்பதை முதலிலேயே எழுதி வாங்காத மேனேஜர் கடனோடுதான் ஊர் திரும்புவார். ரயில் கட்டணமும் விடுதிச் செலவும் தலைக்கணக்கு என்பதால், வெளியூருக்குப் பதின்மூன்றாவது ஆள் போகிறாரா என்பதே ஒரு விவாதம்.

விடுதி என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒன்று உண்டு. ஓஹியோ வெஸ்லியன் கல்லூரி அணியில் சார்ல்ஸ் தாமஸ் என்ற கறுப்பின மாணவர் கேட்சராக ஆடினார். 1903 வாக்கில் அணி இந்தியானாவின் சவுத் பெண்ட் ஊருக்குப் போனபோது அவருக்கு மட்டும் விடுதியில் அறை தர மறுத்தார்கள். பயிற்சியாளராக இருந்த பிராஞ்ச் ரிக்கி வாதாடி, தன் அறையிலேயே ஒரு கட்டில் போட வைத்தார். அன்றிரவு தாமஸ் தன் கைகளின் நிறத்தைத் தேய்த்து எடுக்கப் பார்த்து அழுததை ரிக்கி பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1947-இல், கறுப்பினத்தவரைச் சேர்க்காமலே பல பத்தாண்டுகள் ஓடிவந்த பெரிய தொழில்முறை ஆட்டத்தில், கறுப்பின வீரர் ஜாக்கி ராபின்சனை புரூக்லின் அணிக்காகக் களமிறக்கியவர் இதே ரிக்கிதான்.

பழைய ஆட்டக் கணக்குத் தாளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இந்த வீரர்கள் அசையத் தொடங்குவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஆறு எண்கள்: பேட் செய்த முறை, ரன், ஹிட், புட்அவுட், அசிஸ்ட், பிழை. அவுட்டை முடித்துவைத்தவருக்குப் புட்அவுட், பந்தை எறிந்து அதற்கு உதவியவருக்கு அசிஸ்ட். முதல் பேஸ்காரருக்குப் புட்அவுட் பத்துக்கு மேல் இருப்பது இயல்பு, தரையில் உருண்ட பந்தெல்லாம் கடைசியில் அவரிடம்தானே வருகிறது. ஸ்ட்ரைக்கில் போன அவுட் கேட்சர் கணக்கில் சேரும். ஆகவே கேட்சருக்குப் புட்அவுட் பன்னிரண்டு, முதல் பேஸுக்கு ஆறு என்றால் அன்று பிட்சர் மிரட்டியிருக்கிறார் என்று பொருள். அது தலைகீழாகி, ஷார்ட்ஸ்டாப்புக்கு அசிஸ்ட் ஏழு என்றால், பிட்சர் தாழ எறிந்து தரையில் அடிக்க வைத்திருக்கிறார். ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் பிட்சர், ரைட் ஃபீல்ட் என இரண்டு இடமும், இன்னொருவருக்கு அதே இரண்டு இடமும் மாறியும் இருந்தால், நடுவில் நடந்த இடமாற்றம் உங்களுக்கு இப்போது தெரியும்.

தாள் சரியா என்று பார்க்க ஒரு கூட்டல் உண்டு. ஓர் அணியின் பேட் முறை, நான்கு பாலில் நடந்தவர், பந்து பட்டு முதல் பேஸ் போனவர், தான் அவுட்டாகி ஓட்டக்காரரை முன்னேற்றும் தியாக பன்ட், இவற்றைக் கூட்டினால் வரும் எண்ணும், அந்த அணியின் ரன், பேஸில் நின்றுபோனவர், எதிரணியின் புட்அவுட் மூன்றின் கூட்டலும் ஒன்றாக இருக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு பக்கம் 33, 3, 1, 2 என்றால் 39. மறுபக்கம் ரன் 5, நின்றுபோனவர் 7, புட்அவுட் 27 என்றால் அதுவும் 39. பொருந்துகிறது. வந்த அணியின் புட்அவுட் 24 என்றிருந்தால் தவறில்லை. உள்ளூர் அணி ஏற்கெனவே முன்னிலையில் இருந்ததால் கடைசிப் பாதி இன்னிங்ஸை ஆடவில்லை. 24-ம் இல்லை, 27-ம் இல்லை, 26 என்றால் அடிக்குறிப்பைப் பாருங்கள். கடைசி இன்னிங்ஸில் வெற்றி ரன் விழுந்தபோது இரண்டு அவுட் ஆகியிருந்தது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும்.

பெயர்களில்தான் வழுக்கல். குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். பத்தி குறுகலாக இருந்தால் நடு எழுத்துகளை விழுங்கிவிடுவார்கள். வசந்தகாலத் தாள்களில் இருக்கும் பெயரையாவது கல்லூரி ஆண்டு மலரின் அணிப்பட்டியலோடு ஒப்பிட்டுவிடலாம். கோடைக்காலத் தாள்களில் பெயரே பொய்யாக இருக்கும். விடுமுறையில் உல்லாச ஊர்களின் அணிகளுக்குக் காசு வாங்கி ஆடினால் கல்லூரி ஆட்டத்துக்குத் தகுதி போய்விடும் என்பதால் மாணவர்கள் வேறு பெயரில் ஆடினார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எடி காலின்ஸ் 1906-இல் ஃபிலடெல்ஃபியா அணியிலேயே சல்லிவன் என்ற பெயரில் இறங்கினார். விடுமுறையில் காசுக்கு ஆடியது தெரியவந்து கடைசி ஆண்டு கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்தார். அந்தப் பருவத்தில் கொலம்பியா அவரை மாணவராக இருக்கும்போதே அணியின் பயிற்சியாளராக்கியது. அப்படியானால் 1907 கொலம்பியா ஆட்டத் தாள்களில் அவர் பெயரைத் தேடிப் பயனில்லை. ஓரத்தில் கோட்டும் தொப்பியுமாக நிற்பவரைப் பாருங்கள்.